அலையாத்திக் காட்டுக்கு நிலம் கொடுப்பது எப்படி? கடைமடைக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

காவிரி கடலில் கலக்கிற கடைமடையில், பட்டா கையில் இருந்தும் பயிர் வைக்க வழியில்லாமல் கிடக்கிற நிலம் நிறையக் குடும்பங்களிடம் இருக்கிறது. பழையாறு, வேதாரண்யம், தொண்டியக்காடு, அதிராம்பட்டினம் என்று கடலோரமாக எந்தப் பக்கம் போனாலும் பார்க்கலாம். தாத்தா காலத்தில் ஒரு போகம் விளைந்திருக்கும். உப்புத் தண்ணீர் ஏறியதும் உழுவதை நிறுத்தியிருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். இறால் குட்டை போட நிலம் கேட்டுத் தரகர் வந்து போவார், "வந்த விலைக்குக் கொடுத்துடலாமா?" என்று வீட்டில் பேச்சு ஓடும். அந்த நிலத்தைப் பக்கத்தில் கடலோரச் சேற்றில் வளர்ந்து நிற்கும் அலையாத்திக் காட்டுக்கே கொடுத்துவிடலாம் என்ற யோசனை சிலருக்கு வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் கொடுப்பது என்றால் என்ன, யாரிடம் கொடுப்பது, கொடுத்த பிறகு அது காடாகவே இருக்குமா என்பதெல்லாம் பலருக்குத் தெளிவாக இல்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வி: காடு ஏற்கெனவே அரசாங்கத்துடையதுதானே, என் நிலம் எதற்கு?

உண்மைதான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற பிச்சாவரமும், பாமணியாறு, கோரையாறு, கிளைத்தாங்கியாறு, மரக்காக்கோரையாறு எல்லாம் வந்து சேர்கிற முத்துப்பேட்டையும் அரசு சட்டப்படி அறிவித்துக் காக்கிற காப்புக்காடுகள். முத்துப்பேட்டைக் காடு ஒரு காலத்தில் தஞ்சைச் சத்திரங்களை நடத்திய சத்திரம் இலாகாவின் கையில் இருந்தது. காட்டிலிருந்து வந்த வருமானம் வழிப்போக்கருக்குச் சோறு போடச் செலவானது. பிறகுதான் வனத்துறைக்கு வந்தது. கோடியக்கரைச் சரணாலயம் 2002லும், பிச்சாவரம் 2022லும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரை ராம்சார் பகுதிக்குள் முத்துப்பேட்டையும் அடக்கம். ஆக, நிற்கிற மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இல்லாதது, அந்த மரங்கள் நகர்ந்து போக இடம்.

அலையாத்தி எப்படி வாழ்கிறது என்று கொஞ்சம் பார்த்தால்தான் இது புரியும். நம் கரையோரம் அதிகம் இருக்கிற மரம் வெண்கண்டல். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் பென்சில் பென்சிலாக மேல்நோக்கி மூச்சு வேர் விடும். இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தால் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது. பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் சுரபுன்னை. ஊன்றுகோல் போல வளைந்து இறங்குகிற வேர்கள் அதனுடையவை. அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கி, அப்புறம்தான் சேற்றில் விழும்.

இவை உப்பைத் தாங்குமே தவிர, உப்பு மட்டும் இருந்தால் வாழாது. ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறி இறங்க வேண்டும், ஆற்றிலிருந்து நல்ல தண்ணீரும் வண்டலும் வர வேண்டும். நம் கடலில் ஓதத்தின் உயரம் மிகவும் குறைவு, ஒரு மீட்டருக்குள்தான். அதனால் தரை சில அங்குலம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் மரம் நிற்பதும் சாவதும் மாறிப்போகும். மேட்டூர் அணை 1934ல் வந்த பிறகு ஆற்றோடு வந்த வண்டல் குறைந்தது. கடைமடைக்கு வருகிற நல்ல தண்ணீரும் சுருங்கிப்போனது. கடல்மட்டமோ மெல்ல ஏறுகிறது. ஏற ஏறக் காடு உள்பக்கமாக நகர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேரோடு மூழ்கும். நகரலாம் என்று பார்த்தால் பின்னால் உப்பளக் கரை, இறால் குட்டைக் கரை, ரோடு. முன்னால் கடல், பின்னால் கரை என்று காடு நடுவில் மாட்டிக்கொள்கிறது.

காட்டை ஒட்டிய உங்கள் மூன்று மா (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) நிலத்துக்கு மதிப்பு இங்கேதான் வருகிறது. பட்டா நிலம் என்பதால் வனத்துறை அதில் கை வைக்க முடியாது. நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.

மரம் நட்டால் போதாதா?

பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப்போய் ஆயிரம் கன்று நடுவது நல்ல நோக்கம்தான், ஆனால் பெரும்பாலும் பலன் இல்லை. பிச்சாவரத்தில் நடந்ததைப் பார்த்தால் காரணம் விளங்கும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வெகுகாலம், கட்டம் கட்டமாகக் காட்டை மொட்டையாக வெட்டி எடுக்கிற முறை நடப்பில் இருந்தது. வெட்டின இடத்தில் தானாக முளைக்கும் என்று எண்ணினார்கள். முளைக்கவில்லை. மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, நடுப்பகுதி தொட்டி மாதிரி அமுங்கிவிட்டது. ஓதத்தில் உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பாக உறைந்தது. அந்த உப்பை வெண்கண்டலால்கூடத் தாங்க முடியவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். மண்ணை வெட்டி நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலேயிருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும். ஓதத் தண்ணீர் அதில் ஏறி இறங்கத் தொடங்கியதும் மண்ணின் உப்பு கழுவிப்போனது. வாய்க்கால் ஓரமாக வெண்கண்டல் நட்டார்கள், பிடித்துக்கொண்டது. முத்துப்பேட்டையிலும் இதே முறையில் காடு மீண்டது. அங்கே வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கிற வழக்கம் ஊர்க்காரர்களுக்கு முன்பே உண்டு. வாய்க்கால் ஓரத்தில் மரம் தழைப்பதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிவது ஒன்றுதான். இந்தக் காட்டுக்குக் கன்றைவிட இடமும் தண்ணீர்ப் பாதையும்தான் பெரிய உதவி. அவை இரண்டும் நிலக்காரர் மனசு வைத்தால் மட்டுமே கிடைக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பிச்சாவரத்தின் பின்னால் இருந்த ஊர்கள் குறைந்த சேதத்தோடு தப்பின, கடலை நேராகப் பார்த்து இருந்த குப்பங்கள் நொறுங்கின. தூரமும் மேடும்தான் காரணம், காடு அல்ல என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் காட்டைத்தான் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இரண்டுமே சேர்ந்துதான் வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது முத்துப்பேட்டைக் காடு பலத்த அடி வாங்கியது. அப்படிப்பட்ட காடு தேறிவர, பக்கத்தில் விதை போய் ஒதுங்க ஓர் இடம் வேண்டும்.

எந்த நிலம் உதவும்?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போய்ப் பாருங்கள். அப்போது ஓதம் உயரமாக இருக்கும். தண்ணீர் உங்கள் வரப்பு வரை வந்து நிற்கிறதா, வரப்பில் ஓட்டை விழுந்த இடத்தில் உள்ளே வருகிறதா என்று கவனியுங்கள். உப்பு மண்ணில் வளர்கிற உமிரிச் செடி முளைத்துக் கிடந்தால் உப்பு எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கைவிட்ட இறால் குட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. கரையைச் சரியான இடத்தில் உடைத்தாலே பாதி வேலை முடிந்தது. சீமைக்கருவேலம் மண்டிய மேட்டு நிலம் அவ்வளவாகப் பயன்படாது. நல்ல தண்ணீர் ஊறுகிற நஞ்சையை இதற்காகக் கொடுக்காதீர்கள். அதில் நெல்தான் விளைய வேண்டும்.

நிலம் காட்டுக்குப் போனால் அதில் மரம்தான் நிற்க வேண்டும் என்றும் இல்லை. வேதாரண்யம் சதுப்பில் மரமே இல்லாத வெட்டவெளிச் சேற்றில்தான் பூநாரையும் உள்ளான் குருவிகளும் இரை தேடுகின்றன. அங்கே கன்று நட்டு அடைத்தால் பறவைக்கு நஷ்டம். எதை எப்படி விட வேண்டும் என்பதை வனச்சரகர் அலுவலகத்திலோ, பரங்கிப்பேட்டையில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது.

பத்திரம் எழுதும்போது

பெரிதாகச் சறுக்குகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நிலத்தைத் தானமாகக் கொடுக்க 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் வழி இருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், பதிவாக வேண்டும். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே வாங்குகிறவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அரசுக்கு எழுதிக் கொடுத்தால் அரசு அதை ஏற்றதாக ஆவணம் இருக்க வேண்டும். ஆகவே பத்திரம் எழுதும் முன்பே மாவட்ட வன அலுவலரிடமும் ஆட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். "இந்த நிலம் என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும்" என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று எல்லோரும் நம்புகிறோம். போதாது. முழு உரிமையையும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று கட்டளை போட்டால் அந்தக் கட்டளை வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்கிறது அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு. விற்கவே கூடாது என்று போடுகிற நிபந்தனையும் 10ஆம் பிரிவின்படி செல்லாது. அமெரிக்காவில், நிலம் உங்கள் பெயரிலேயே இருக்க, அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் ஒரு பாதுகாப்பு அமைப்புக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுக்கிற ஏற்பாடு உண்டு. அடுத்து வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். நம் நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது.

சரி, வேறு என்ன வழி? அரசுக்குக் கொடுத்தால், கொடுத்ததோடு நிற்காமல் அந்தச் சர்வே எண்ணைக் காப்புக்காடாக அறிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி முதலில் 4ஆம் பிரிவில் உத்தேச அறிவிப்பு வரும். உரிமை கோருகிறவர்களை விசாரித்த பிறகு 16ஆம் பிரிவில் காப்புக்காடு என்ற இறுதி அறிவிப்பு வரும். அது அரசிதழில் வந்துவிட்டால் பத்திரத்தில் எழுதுகிற எந்த வரியையும்விட உறுதி. காலம் பிடிக்கும், விடாமல் நடக்க வேண்டும்.

அரசிடம் கொடுக்க மனம் ஒப்பாதவர்கள் பொது அறக்கட்டளை வைக்கலாம், அல்லது நம்பிக்கையான ஓர் அறக்கட்டளைக்கு எழுதலாம். கோயில் விளக்குக்கும் அன்னதானத்துக்கும் நிலம் எழுதி வைத்த மண் இது, அறக்கட்டளை நமக்குப் புதிதல்ல. இதில் ஒரு வசதி, நோக்கம் மீறப்பட்டால் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில், நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போடலாம். கொடுத்தவர் காலமாகிவிட்டாலும் கேள்வி கேட்க ஆள் இருக்கும்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. நிலத்தைக் கைமாற்றாமலே பாதுகாக்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-சி பிரிவு, தனியாரோ ஊராரோ தாமாக முன்வந்து உயிரினங்களைக் காக்கிற நிலத்தைச் சமுதாயக் காப்பகம் என்று அறிவிக்க இடம் தருகிறது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். அறிவித்த பிறகு, அதற்கான குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. வாரிசுகளுக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் முழுதாகக் கொடுக்கத் தயங்குகிற வீடுகளுக்கு இது பொருத்தமான வழி என்று நினைக்கிறேன்.

உயில் எழுதுவதும் நடக்கிற காரியம்தான். ஆனால் உயில் நீங்கள் போன பிறகுதான் பேசும், காட்டுக்கு இடம் இப்போதே வேண்டும்.

கொடுக்க முடியாத நிலங்கள்

டெல்டாவில் "எங்க நிலம்" என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருப்பது கோயில் நிலமாகவோ மடத்து நிலமாகவோ இருக்கும், நம் கையில் இருப்பது குத்தகை மட்டுமாக இருக்கும். முத்துப்பேட்டைப் பக்கம் வக்பு நிலமும் உண்டு. இவற்றைத் தானம் எழுத நமக்கு உரிமை இல்லை. அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா, தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஆகியவற்றிலும் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு. கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அக்கா தங்கைகளும் சேர்த்துத்தான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று நினைத்து எழுதிய பத்திரம் பின்னால் வழக்கில் போய் நிற்கும். நிலத்தில் குத்தகைதாரர் இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள்.

வில்லங்கச் சான்று, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் எடுத்து, காட்டு எல்லை உங்கள் சர்வே எண்ணோடு எங்கே தொடுகிறது என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுவது நல்லது. கடற்கரையில் பத்திரத்தில் இருக்கிற எல்லைக்கும் தரையில் இருக்கிற எல்லைக்கும் பெரிய வித்தியாசம் வரும்.

பூதானத்தில் நடந்தது

நிலம் கொடுப்பதில் நமக்கு ஒரு பெரிய முன்கதை இருக்கிறது. நிலம் உள்ளவர்களிடம் தானமாக வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்க வினோபா பாவே 1951ல் தொடங்கிய பூதான இயக்கத்தில் தமிழ்நாட்டிலும் பலர் நிலம் கொடுத்தார்கள். கொடுத்ததில் கணிசமானது விளையாத நிலமாகவோ வழக்கில் இருந்ததாகவோ போய், ஏழைகள் கைக்குச் சேராமலே நின்றது. மனசு இருந்தது, காகிதம் சரியாக இல்லை. அந்த இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். தலித் கூலிக்காரர்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிச் சம்பவத்துக்குப் பிறகு அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் நாகைப் பகுதியிலேயே தங்கி, 1981ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். 1990களில் இறால் பண்ணைகள் வந்து வயலும் குடிதண்ணீரும் உப்பானபோது உச்ச நீதிமன்றம் போனவரும் அதே ஜெகந்நாதன்தான். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு தந்தது. பிறகு 2005ல் வந்த சட்டம் பதிவு செய்த பண்ணைகளுக்கு மறுபடி வழி திறந்தது. அதனால்தான் தரகர் இன்றும் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறார்.

பூதானத்தில் விளையாத நிலம் கொடுத்தது ஏழைக்குச் செய்த அநியாயம். அலையாத்திக்கோ அந்த விளையாத உப்பு நிலம்தான் தேவை.

அங்கே பிழைக்கிறவர்கள்

தரிசாகக் கிடக்கிற நிலத்திலும் யாராவது பிழைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். பிச்சாவரம் பக்கம் இருளர் பெண்கள் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பையில் போட்டுக்கொள்வார்கள். முத்துப்பேட்டையில் நண்டுக்குப் போகிறவர்கள், மாடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காப்புக்காடு என்று வேலி போட்டால் முதலில் அடிபடுவது இவர்கள்தான். 4ஆம் பிரிவு விசாரணையின்போது அவர்களை அழைத்துப்போய்த் தங்கள் பயன்பாட்டைச் சொல்ல வையுங்கள். அறக்கட்டளை என்றால் பத்திரத்திலேயே மீன், நண்டு பிடிக்கும் உரிமையை எழுதிவிடுங்கள். அவர்கள் பக்கம் இல்லாமல் எந்தக் காடும் நிலைத்ததில்லை.

பண விஷயம் சுருக்கமாக. 80-ஜி என்று எல்லோரும் சொல்கிற வருமான வரிக் கழிவு பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான், நிலத்துக்குக் கிடைக்காது. முத்திரைத்தீர்வை யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும், சார் பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காடு உறிஞ்சுகிற கார்பனுக்குக் கணக்குப் போட்டுப் பணம் வரும் என்று ஒப்பந்தத்தோடு யாராவது வந்தால், எத்தனை ஆண்டு நிலம் அவர்கள் பிடியில் இருக்கும், வருமானம் யாருக்கு என்ற இரண்டையும் ஒரு வக்கீலிடம் படித்துக்காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு மா நிலத்தால் என்ன ஆகப்போகிறது என்று தயங்குகிறவர்களுக்கு: ஓத வாய்க்கால் ஒருவர் நிலத்தோடு முடியாது. நடுவில் ஒருவர் மறுத்தால் பின்னால் இருக்கிற பத்து ஏக்கருக்கும் தண்ணீர் போகாது. ஆகவே பக்கத்துப் பட்டாதாரர்கள் நாலு பேர் சேர்ந்து பேசிக் கொடுப்பது தனியாக ஒருவர் கொடுப்பதைவிட மேல். அதே பேச்சில் இன்னொன்றையும் முடிவு செய்துவிடுங்கள். கரையை உடைத்து ஓதத்தை உள்ளே விட்டால், அடுத்து இன்னும் நெல் நடுகிறவருடைய வயலுக்கு உப்பு ஏறக்கூடும். அவர் வரப்புக்கு முன்னால் உள்கரை ஒன்று உயர்த்திப் போட வேண்டும். அந்தச் செலவு யாருடையது, ஒவ்வொரு மழைக்கும் பிறகு அதைப் பார்த்துக்கொள்வது யார் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே மண்வெட்டியை எடுங்கள்.